லெக்சரர் ஆகணுமா? கல்வி, உளவியல், சிறப்புக் கல்வித் துறைகளில் புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு பினாங்கு வழிகாட்டி

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்., ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவரும் வாரங்களில் எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "அக்கா, சைக்காலஜி படிச்சா லெக்சரர் ஆயிடலாமா?" "ஸ்பெஷல் எடுகேஷன் படிச்சா ஆட்டிசம் பிள்ளைங்களுக்குத் தெரபி கொடுக்கலாமா?" "ஐ.பி.ஜி.யா (ஆசிரியர் பயிற்சிக் கழகமா) யுனிவர்சிட்டியா, எது நல்லதுக்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பினாங்கில் இருப்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் பினாங்கைச் சுற்றியே இருக்கும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் நடைமுறை இதேதான், ஏறும் ரயிலும் பஸ்ஸும்தான் வேறு.

முதலில் எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் துறையில் மூன்று வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியர், சிகிச்சையோ ஆலோசனையோ தரும் நிபுணர், பல்கலைக்கழக விரிவுரையாளர் என்ற மூன்றும் மூன்று தனித்தனி வேலைகள். ஒன்றுக்கான தகுதி மற்றொன்றுக்குத் தானாகச் செல்லாது. ஒரு பட்டத்தைப் படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

அரசாங்கப் பள்ளி ஆசிரியர் என்றால் கல்வியியல் பட்டமோ, வேறு பட்டத்துடன் முதுநிலைக் கல்வி டிப்ளோமாவோ வேண்டும். நியமனம் கல்விச் சேவை ஆணையம் வழியாக நடக்கும்.

ஆலோசகராக, அதாவது கவுன்சிலராக வேலை செய்ய 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ், அதாவது 580ஆம் சட்டத்தின்கீழ், மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிய வேண்டும், கூடவே தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயர் 2016ஆம் ஆண்டு வந்த 774ஆம் சட்டத்தின்கீழ் வருகிறது. பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் போன்றவர்களும் அதே சட்டத்துக்குள்தான். வெறும் உளவியல் இளங்கலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி உள்ள கிளினிக்கல் முதுகலை வேண்டும். யு.கே.எம். என்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அது இருக்கிறது, ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

விரிவுரையாளர் வேலைக்கு முதுகலை, பெரும்பாலும் முனைவர் பட்டம், அப்புறம் ஆய்வுக் கட்டுரைகள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் வகுப்பு எடுக்கலாம், ஆய்வு செய்யலாம், ஆனால் கிளினிக்கல் பயிற்சி இல்லையென்றால் அந்தப் பட்டம் மட்டும் அவரைச் சிகிச்சை தரும் நிபுணர் ஆக்காது. அதே சமயம், ஆலோசனை, கிளினிக்கல் பாடங்களில் மாணவர்களின் களப்பயிற்சியை மேற்பார்வை செய்ய லைசென்ஸ் உள்ளவர்தான் தேவைப்படுவார். ஆகவே அந்தப் பாடங்களைக் கற்பிக்க ஆசைப்பட்டால் லைசென்ஸை முதலில் வாங்கிவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போவது புத்திசாலித்தனம். பொதுவான கல்வி உளவியல், வளர்ச்சி உளவியல் போதும் என்றால் அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

முதல் பட்டம் எங்கே?

ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள், நம் ஆட்கள் சொல்லும் ஐ.பி.ஜி., நாடு முழுக்க 27 வளாகங்கள். சிறப்புக் கல்விக்குப் பெயர் பெற்றது கோலாலம்பூர் செராஸில் உள்ள இல்மு காஸ் வளாகம். எஸ்.பி.எம். முடித்து நேராகப் போகலாம், உதவித்தொகை உண்டு, வெளியே வந்தால் தொடக்கப்பள்ளி வேலை. குடும்பத்தில் காசுக்குக் கஷ்டம் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஐ.பி.ஜி. போனால் லெக்சரர் ஆக முடியாது என்று சிலர் சொல்வது தவறு. ஐ.பி.ஜி. விரிவுரையாளர்களே கல்வி அமைச்சின் அதிகாரிகள்தாம், பலர் பள்ளியில் பல வருடம் கற்பித்து, முதுகலையோ முனைவர் பட்டமோ முடித்து அங்கே போனவர்கள்.

பல்கலைக்கழகம் என்றால் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், சுருக்கமாக உப்சி. 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமானது. சிறப்புக் கல்வி, ஆலோசனை, தமிழ்மொழிக் கல்வி எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அதன் பெரிய வசதி. கோலாலம்பூரிலிருந்து கே.டி.எம். கொமுட்டரில் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்தால் போதும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் புலம் 1963இல் தொடங்கியது. பினாங்குப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய்வர குளுகோரில் யு.எஸ்.எம்., அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், இருக்கிறது. கோலாலம்பூர் பங்சார் வாடகையை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

தனியார் கல்லூரியில் சேரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தக் கோர்ஸின் பெயரைத் தேடிப் பாருங்கள். முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்று அதில் இருக்கும். கல்விக் கண்காட்சியில் பலூன் கொடுத்துப் பேசுபவர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஆலோசனைப் படிப்பு என்றால் ஆலோசகர் வாரியம் அதை ஏற்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருந்தாலே அதுவும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாதவர்கள் இப்போதே அதைச் சரி செய்துகொள்ளுங்கள். அரசாங்க வேலைக்கு, அரசாங்கப் பல்கலைக்கழகம் உட்பட, அது வேண்டும். எத்தனை முனைவர் பட்டம் இருந்தாலும் விண்ணப்பப் பாரத்தில் அந்த ஒரு கட்டத்தில் நிற்க வேண்டி வரும்.

முனைவர் பட்டத்துக்கு முன்னால் வகுப்பறை

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இளங்கலை, உடனே முதுகலை, உடனே முனைவர் பட்டம் என்று இருபத்தெட்டு வயதுக்குள் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். மற்ற துறைகளில் அது சரியாக இருக்கலாம். சிறப்புக் கல்வியில், ஒரு பிள்ளை நாற்காலியைத் தூக்கி எறியும்போது பக்கத்தில் நின்றிராத ஒருவர் நடத்தை மேலாண்மை பற்றி ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தால், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய டீச்சர்களுக்கு ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள், போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே குறைந்தது இரண்டு மூன்று வருடம் களத்தில் இருங்கள். அரசாங்கப் பள்ளியில் என்றால் பி.பி.கே.ஐ. என்று சொல்லும் ஒருங்கிணைப்புச் சிறப்புக் கல்வி வகுப்பு. ஆசிரியர் வேலை கிடைக்கவில்லையென்றால் சமூகநல இலாகாவின் பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்கள், தனியார் தொடக்கநிலைப் பயிற்சி மையங்கள், தொண்டு அமைப்புகள். பினாங்கில் இதற்கு வரலாறே உண்டு. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி 1954இல் தொடங்கி, தஞ்சோங் பூங்காவில் இன்றும் இயங்குகிறது. பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கி அப்புறம் பினாங்குக்கு வந்தது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம், செந்தூலில் ஆட்டிசம் பிள்ளைகளுக்கான ஜீனியஸ் குர்னியா. தொண்டூழியராகப் போகிறேன் என்று நீங்களாகவே கேளுங்கள். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதற்காகப் போவதாக இருந்தால் போகவே வேண்டாம்.

களத்தில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளை ஒருமுறை முழுசாகப் படியுங்கள், நீளம் அதிகமில்லை. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் சிக்கல், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை என்று அதில் எப்படிப் பிரித்திருக்கிறார்கள், யார் சான்றிதழ் தரலாம் என்பது தெரிந்தால்தான், ஒரு பிள்ளை ஏன் இந்த வகுப்பில் இருக்கிறது, அடுத்த வீட்டுப் பிள்ளை ஏன் இல்லை என்பது புரியும். ஓ.கே.யு. எனும் மாற்றுத்திறனாளி அட்டை எப்படி எடுப்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தை எப்படி எழுதுவது, மாணவர் உதவியாளரின் வேலை எங்கே முடிகிறது ஆசிரியரின் வேலை எங்கே தொடங்குகிறது, இதெல்லாம் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்தான் இருக்கும். 2019இல் வந்த 'எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதே' என்ற கொள்கைக்குப் பிறகு வகுப்பறைகளில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பழைய ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலு ஆய்வுத் தலைப்பாவது அங்கேயே கிடைக்கும்.

நமக்கென்றே காத்திருக்கும் ஆய்வுத் தலைப்புகளும் இருக்கின்றன. வீட்டில் தமிழ் மட்டும் பேசும் ஒரு பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ சோதித்துவிட்டு 'கற்றல் சிக்கல்' என்று எழுதிவிட்டால், அது மொழிச் சிக்கலா கற்றல் சிக்கலா என்று யார் பிரித்துச் சொல்வது? டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிக்கல் பற்றிய சோதனைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துமுறையை மனதில் வைத்துச் செய்தவை. தமிழில் 247 எழுத்துகள், 'கொ' என்று எழுதும்போது உயிரின் குறி மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கிறது, 'ல ள ழ', 'ந ன ண' என்று ஒலி நெருக்கம் வேறு. இங்கே தடுமாறும் பிள்ளையின் தடுமாற்றம் ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையின் தடுமாற்றம் போலவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆங்கிலச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்தாலும் சரிவராது, நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நடத்தி, எந்த வயதுக்கு எது சராசரி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய தமிழும் தெரிந்து, சிறப்புக் கல்வியும் தெரிந்து, புள்ளியியலும் ஓரளவு தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். நேர்முகத் தேர்வில் "உங்களிடம் மட்டும் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், உங்கள் பதில் இதுவாக இருக்கலாம்.

முதுகலை

மூன்று வகை உண்டு. முழுக்கப் பாடம், முழுக்க ஆய்வு, இரண்டும் கலந்தது. விரிவுரையாளர் ஆசை இருந்தால் ஆய்வேடு எழுத வேண்டிய வகையில் சேருங்கள், முழுக்கப் பாடமாகப் படித்தவர்கள் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வுமுறைப் பாடங்களை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியாவும், ஜார்ஜ்டவுனில் உள்ள வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வசதி. அரசாங்க ஆசிரியர்களுக்கு ஹடியா லத்திஹான் பெர்செகுதுவான் என்ற உபகாரச் சம்பளம் இருக்கிறது, முழுச் சம்பளத்துடன் படிப்பு விடுப்பும் கிடைக்கலாம். ஆனால் பிறகு சில வருடம் சேவை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஜாமீன் போடப்போகும் மாமாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பதுதான் முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் பாதி வெற்றி. பெரிய பேராசிரியர் என்பதற்காகப் போகாதீர்கள். கடந்த நாலைந்து வருடத்தில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், அவரிடம் படித்த மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அப்புறம் மின்னஞ்சல். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பதில் வராது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்த இடம் உங்கள் வகுப்பறை அனுபவத்தோடு ஒட்டவில்லை என்று இரண்டு வரி, நீங்கள் ஆராய விரும்புவது இரண்டு வரி, உங்கள் பட்டமும் வேலையும் ஒரு வரி. அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்துப் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பள்ளியில் ஆய்வு செய்ய அனுமதி

இங்கேதான் பலருடைய கால அட்டவணை கிழிகிறது. தலைமையாசிரியர் தெரிந்தவர், கோயில் கமிட்டியில் அப்பாவோடு இருக்கிறார், அதனால் நேராகப் போய்த் தரவு எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு. யு.எஸ்.எம்.மில் அதற்குப் பெயர் ஜெப்பெம், மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சாராத ஆய்வுகளுக்கு உம்ரெக். கல்வி அமைச்சின் பள்ளியில் ஆய்வு செய்ய ஈராஸ் என்ற இணையத்தளம் வழியாக விண்ணப்பம், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாநிலக் கல்வி இலாகா, அதன் பிறகு தலைமையாசிரியர், கடைசியாகப் பெற்றோர். வரிசை மாறினால் திரும்பத் தொடக்கத்துக்குத்தான் வர வேண்டும்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் என்றாலே நெறிமுறைக் குழு கூடுதலாகக் கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். ஒப்புதல் பாரத்தைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் சட்டப்படி யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெற்றோர் சரி என்று சொன்னாலும், அன்றைக்குப் பிள்ளை உட்கார மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். பேசாத பிள்ளை தன் மறுப்பை எப்படிக் காட்டும் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும், அதையும் முன்னமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாட்காட்டியையும் பாருங்கள். 2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் பழைய சீனியர்கள் கொடுத்த கால அட்டவணை பொருந்தாது. தைப்பூச வாரத்தில் பினாங்கில் எந்தப் பெற்றோரும் உங்கள் நேர்காணலுக்கு வரமாட்டார்கள், தண்ணீர்மலையில்தான் இருப்பார்கள்.

முந்நூறு பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்தால்தான் ஆய்வு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிறப்புக் கல்வியில் ஒரே மாதிரியான முப்பது பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். மூன்று நான்கு பிள்ளைகளை வைத்து, பயிற்சி தொடங்கும் முன் பலமுறை அளந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு நாளில் பயிற்சியைத் தொடங்கி, மாற்றம் பயிற்சி தொடங்கிய பிறகுதான் வருகிறதா என்று பார்க்கும் ஒற்றையாள் ஆய்வுமுறை இந்தத் துறையில் நன்கு நிலைபெற்ற ஒன்று. அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர்களிடம் 'உங்களுக்குத் திருப்தியா' என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு எழுதும் ஆய்வேடு ஏற்கெனவே நூலகத்தில் போதுமான அளவு இருக்கிறது.

முனைவர் பட்டமும் வேலையும்

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பயிற்சி விரிவுரையாளராக எடுத்து முனைவர் பட்டம் படிக்க அனுப்பும் திட்டங்கள் உண்டு. யு.எஸ்.எம்.மில் ஏ.எஸ்.டி.எஸ். என்பார்கள். பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகப் பக்கத்தை அவ்வப்போது பாருங்கள், செய்தித்தாளில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். சம்பளம் பற்றி ஒரு குறிப்பு: 2024 டிசம்பரில் அரசாங்கத்தின் புதிய சம்பள முறை வந்த பிறகு தர எண்கள் மாறிவிட்டன, ஆகவே பழைய பதிவுகளில் டி.எஸ்.45, டி.எஸ்.51 என்று படித்தால் அதை இன்றைய கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தனியாரில் முதுகலையோடு நுழைவது எளிது. கற்பிக்கும் மணி நேரம் அதிகம், ஆய்வுக்கு நேரம் குறைவு, கான்ட்ராக்ட் வேலைதான் பல இடங்களில். அங்கே கற்பிக்க உயர்கல்வி அமைச்சின் பெர்மிட் வேண்டும், அதைக் கல்லூரியே விண்ணப்பிக்கும், ஆனால் கிடைத்துவிட்டதா என்று நீங்கள்தான் துரத்திக் கேட்க வேண்டும். முழுநேர வேலைக்கு முன் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சனி ஞாயிறு பகுதிநேர ட்யூட்டராக இருப்பது நல்ல பயிற்சி, பெரியவர்களுக்கு, அதுவும் வாரம் முழுக்க வேலை பார்த்துக் களைத்தவர்களுக்குக் கற்பிக்கும்போது நம் பேச்சில் எது வெட்டியானது என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

கட்டுரை வெளியிடுவதில் ஸ்கோப்பஸ் என்ற உலக ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழைத்தான் பல்கலைக்கழகங்கள் கேட்கும். காசு கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுவிடுகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் தொடவே வேண்டாம், பின்னாளில் பதவி உயர்வுக் குழுவில் அது உங்கள் கழுத்தைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஒன்று எழுதினால் அதே ஆய்வின் நடைமுறைப் பகுதியைத் தமிழிலும் எழுதுங்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' போன்ற இதழ்கள் இருக்கின்றன. புள்ளிக்கணக்கில் அது குறைவாக நிற்கலாம், ஆனால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் படிப்பது அதைத்தான். வேலையில் சேர்ந்த பிறகு எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற உயர்கல்வி அமைச்சின் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள், முதல் வருடத்தில் தனியாக எழுதாமல் அனுபவமுள்ள ஒருவரின் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்து, விண்ணப்பம் எப்படி எழுதப்படுகிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது

பெரும்பாலும் ஒரு சின்ன மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். ஐம்பது ஸ்லைடு கொண்டு போகாதீர்கள். ஒரு பிள்ளையின் தனிநபர் கல்வித் திட்டத்தைப் பெயரும் அடையாளமும் நீக்கி எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு இலக்கை அளக்கக்கூடிய மாதிரி எப்படித் திருத்தி எழுதுவது என்று காட்டினால் போதும், குழுவில் இருப்பவர்கள் பேனாவைக் கையில் எடுப்பார்கள். மலாயில் கேள்வி வரும், ஆங்கிலத்திலும் வரும். இரண்டிலும் உங்கள் ஆய்வை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள், வீட்டில் தம்பியை உட்காரவைத்துச் சொல்லிக் காட்டுங்கள், அவனுக்குப் புரியவில்லையென்றால் இன்னும் சுருக்குங்கள்.

பரிந்துரையாளர் இருவரின் பெயர் கேட்பார்கள். ஒருவர் மேற்பார்வையாளர், மற்றவர் உங்களை வகுப்பறையில் பார்த்த தலைமையாசிரியராகவோ மையத்தின் பொறுப்பாளராகவோ இருக்கட்டும். பெயர் போடும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், விண்ணப்பத்தின் ஒரு பிரதியையும் அனுப்பி வையுங்கள். அசல் சான்றிதழ்களையும் எஸ்.பி.எம். மூலப் பத்திரத்தையும் ஒரே கோப்பில் போட்டு முந்தின இரவே எடுத்து வைத்துவிடுங்கள்.